கேமரா இருக்கிறது, முகம் தெரிகிறதா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் குடியிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் தெருவில் அநேகமாக ஒரு கேமராவாவது இருக்கும். ஏ.கே.விசுவநாதன் ஆணையராக இருந்தபோது சென்னை காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் கடைக்காரர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் கேமரா வைக்கச் சொல்லி வலியுறுத்தியது. 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமராவே இல்லை. பக்கத்துத் தெருக் கேமராவில் கிடைத்த மங்கலான உருவத்தைத்தான் காவல்துறையால் வெளியிட முடிந்தது. இன்று கேமராவுக்குக் குறைவில்லை. அதில் பதிவாகும் படம் வேலைக்கு ஆகுமா என்று பார்ப்போம்.

படம் பளிச்சென்று இருந்தால் போதாதா?

போதாது. எதற்காகப் பார்க்கிறோம் என்பதுதான் அளவுகோல். தீபாவளி நேரத்தில் ரங்கநாதன் தெருவில் கூட்டம் நெரிகிறதா என்று அறிய மங்கல் படமே போதும். செயினைப் பறித்தவர் யார் என்று சொல்ல அது உதவாது. ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு இதற்குக் கணக்கு சொன்னது. காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளி) இருந்தால் ஆள் நடமாட்டம் தெரியும். ஏற்கெனவே பழகியவரைக் கண்டுகொள்ள 125 வேண்டும். முன்பின் தெரியாதவரை அடையாளம் காட்ட 250 வேண்டும்.

இப்போது உங்கள் கேமராவைப் பாருங்கள். ஃபுல் ஹெச்.டி. என்றால் படத்தின் அகலம் 1920 பிக்சல். "தெரு முழுக்க கவர் ஆகுது சார்" என்று பொருத்துபவர் பெருமைப்படுவார். 15 மீட்டர் கவர் ஆனால் மீட்டருக்கு 128 பிக்சல்தான் கிடைக்கும். திருடன் உங்களுக்குத் தெரிந்தவனாக இருந்தால்தான் உண்டு! அதே கேமராவை 6 மீட்டர் அகல நுழைவாயிலை மட்டும் பார்க்க வைத்தால் 320 கிடைக்கும்.

நேரலையில் தெரிந்த நம்பர் பிளேட் பதிவில் ஏன் தெரியவில்லை?

சுருக்கம்தான் காரணம். இடம் மிச்சப்படுத்த, மாறாத சுவரையும் நடைபாதையையும் பதிவுக் கருவியான டி.வி.ஆர். திரும்பத் திரும்ப எழுதுவதில்லை. அசையும் பொருளுக்குத்தான் அதிகத் தரவு தேவை. பிட்ரேட் (நொடிக்கு எழுதப்படும் தரவின் அளவு) போதாவிட்டால் சுவர் தெளிவாக இருக்கும், ஓடும் ஸ்கூட்டர் கட்டம் கட்டமாக உடையும். 3-ஆ 8-ஆ என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

"நாலு கேமரா, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், 30 நாள் பதிவு" என்று விலைப்பட்டியலில் இருக்கிறதா? நொடிக்கு 1 மெகாபிட் வீதம் எழுதினாலே ஒரு கேமராவுக்கு ஒரு நாளில் 10.8 ஜி.பி. ஆகும். இடைவிடாமல் பதிவு செய்து 30 நாள் தாங்க வேண்டுமானால் ஒவ்வொரு கேமராவையும் 0.8 மெகாபிட்டுக்குக் கீழே நசுக்க வேண்டும். ஃபுல் ஹெச்.டி. படத்துக்கு, அதுவும் இரவில், அது மிகவும் குறைவு. பெரிய டிஸ்க் கேளுங்கள், அல்லது நாட்களைக் குறையுங்கள்.

டபிள்யூ.டி.ஆர். போட்டால் சரியாகிவிடுமா?

பாதி உண்மை. நண்பகலில் கடைக்குள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவில் வருபவரின் முகம் கறுத்துவிடும். டபிள்யூ.டி.ஆர். என்ற கேமரா வசதி வெளிச்சமாக ஒரு படமும் இருட்டாக ஒரு படமும் எடுத்து இரண்டையும் இணைக்கிறது. நின்றிருப்பவர் முகம் நன்றாகத் துலங்கும். வேகமாக நடப்பவர் இரு படங்களிலும் சற்று வெவ்வேறு இடத்தில் இருப்பதால் விளிம்பு இரட்டையாகலாம். இருண்ட பகுதியைத் தூக்கிக் காட்டும்போது புள்ளி இரைச்சலும் கூடவே எழும். அதையும் எழுதப் போய்த் தரவு வீணாகிறது. ஆகவே இணைப்பையும் சுருக்கத்தையும் தனித்தனியே சோதித்துப் பயனில்லை.

எப்படிச் சோதிப்பது?

பொறியாளர்கள் எஸ்.எஸ்.ஐ.எம். (மூலப் படத்தோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்) போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் டபிள்யூ.டி.ஆர். இணைத்த படத்துக்கு ஒப்பிட ஒரே மூலம் என்று எதுவும் கிடையாது. உங்களுக்கு எளிய வழி இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு ஒருவரை ஸ்கூட்டரில் வாசலுக்குள் வரச் சொல்லுங்கள். மொபைல் செயலியில் பார்க்காதீர்கள், அதில் பெரும்பாலும் தரம் குறைந்த படம்தான் வரும். டி.வி.ஆரில் பதிவானதை நிறுத்தி, அவரை அறியாத ஒருவரிடம் காட்டி வண்டி எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். நண்பகலிலும் ஒருமுறை செய்யுங்கள்.

சம்பவம் நடந்துவிட்டால்?

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் மறுபடி சுருங்கும். டி.வி.ஆரிலிருந்தே பென் டிரைவில் மூலக் கோப்பை எடுத்துக் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் எண்ணும் (கோப்பு இம்மியளவு மாறினாலும் மாறிவிடும் எண்) கேட்கப்படும். மயிலாப்பூர் காமராஜர் சாலையில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் படம் போனாலும், டி.வி.ஆர். எழுதாமல் விட்டதை அங்கே யாரும் திரும்பக் கொண்டுவர முடியாது. டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். அதனால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.