ஆடுசதையும் ஆட்ட நாளும்

2011 ஜனவரியில் கத்தார் நாட்டின் தோஹா நகரில் ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. 1984இல் சிங்கப்பூரில் ஆடிய பின், இந்தியா அப்போதுதான் மீண்டும் அப்போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. அணித் தலைவர் சிக்கிமைச் சேர்ந்த பாய்ச்சுங் பூட்டியா. ஆனால் ஆஸ்திரேலியாவுடனும் பஹ்ரைனுடனும் நடந்த முதல் இரண்டு ஆட்டங்களில் அவரால் ஆட முடியவில்லை. கெண்டைக்காலில் ஏற்பட்ட தசைக் காயமே காரணம். தென்கொரியாவுடன் நடந்த மூன்றாம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அப்போது அவருக்கு வயது 34. அதே ஆண்டு ஆகஸ்டில் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் டேவிட் பெக்காமுக்கும் இதே கதிதான். அவருக்கும் வயது 34. 2010 மார்ச் 14 அன்று இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்தபோது, எவரும் இடிக்காமலேயே அவருடைய இடது குதிகால் நாண் அறுந்தது. ஜூனில் தொடங்கிய உலகக் கோப்பையில் அவர் ஆட இயலவில்லை.

ஆடுசதை எனப்படும் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். இச்சங்கிலி ஏன் அறுகிறது? அறுந்தால் ஏன் விரைவில் ஒட்டுவதில்லை?

பாதம் ஒரு நெம்புகோல்

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி நிற்பதாகக் கொள்வோம். கணுக்கால் மூட்டே ஆதாரப் புள்ளி. அதற்கு ஏறத்தாழ 12 செ.மீ. முன்னால் தரை பாதத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. 5 செ.மீ. பின்னால் நாண் குதிகாலை மேல்நோக்கி இழுக்கிறது. சமநிலைக்கு இரு திருப்புதிறன்களும் சமமாக வேண்டும். எனவே நாணின் இழுவிசை 60 × 12 ÷ 5 = 144 கிலோகிராம் எடை. சும்மா நிற்பதற்கே இவ்வளவு!

வேகமாக ஓடும்போது தரை தரும் எதிர்விசை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்காகும். அப்போது நாணின் இழுவிசை 400 கிலோகிராம் எடையைத் தாண்டிவிடும். ஓடியவர் சட்டென நின்று திரும்பினால், ஆடுசதை சுருங்க முயலும் அதே கணத்தில் வெளிவிசையால் நீட்டப்படுகிறது. அதன் மேல்தசை முழங்காலையும் கணுக்காலையும் கடந்து செல்வது. ஆகவே முழங்கால் நீண்டிருக்கையில் இரு முனைகளிலும் இழுபடுகிறது. தசை நாணாக மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் கிழிசல் உண்டாகிறது.

புதுப்பிக்கப்படாத நாண்

வயது இங்கே எவ்வாறு குறுக்கிடுகிறது? 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 மிகுந்து, பின்னர் படிப்படியாகக் குறைந்தது. ஒரு திசுவில் உள்ள கார்பன்-14இன் அளவைக் கொண்டு அத்திசு எந்த ஆண்டுகளில் உருவானது என அறியலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணை இம்முறையில் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி விடுகிறது; அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. தசையோ அவ்வாறன்றிப் புதுப்பிக்கப்படுகிறது. ஆக, 34 வயது வீரர் தம் பள்ளிப் பருவத்து நாணைக் கொண்டே ஆடுகிறார்! தசையிலும் முப்பதுக்குப் பின் விரைவியக்க இழைகள் மெல்லக் குறைகின்றன.

வலி போனால் போதுமா?

கிழிந்த இடத்தில் உடல் முதலில் அவசரமாக ஓர் ஒட்டுப் போடுகிறது. அதிலுள்ள கொலாஜன் இழைகள் ஒழுங்கின்றிக் கிடக்கும். அவை விசையின் திசையில் வரிசைப்பட்டு வலுப்பெற வாரங்கள் செல்லும். சிறு கிழிசலுக்கு இரண்டு மூன்று வாரங்கள். பெரியதற்கு ஒன்றரை முதல் மூன்று மாதங்கள். நாண் அறுந்த பெக்காம் ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு மாதங்களாயின. வலியோ இதற்கு வெகு முன்னரே தணிந்துவிடும். அதை நம்பி இறங்குபவர்களுக்கே மறுபடி கிழிகிறது. போட்டித் தேதி நெருங்கியதென்று இழைகள் விரைந்து வரிசைப்படுவதில்லை.

இது நட்சத்திரங்களின் தொல்லை மட்டுமன்று. வாரம் முழுதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டு ஞாயிறன்று பந்தாடுவோருக்கும், கரையான்சாவடி நிறுத்தத்தில் புறப்பட்ட பேருந்தைப் பிடிக்கத் திடீரென ஓடுவோருக்கும் இது நேரலாம். பின்னங்காலில் யாரோ கல்லால் அடித்தது போன்ற உணர்வே அறிகுறி. அப்போது தைலம் தேய்த்து அழுத்தி நீவுதல் கூடாது. உள்ளே இரத்தக் கசிவு மிகும். காலுக்கு ஓய்வு தந்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, இதமாகக் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மீண்டும் ஓடலாமா என்பதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். காயம்பட்ட கால், நல்ல கால் செய்யும் அத்தனை முறையும் அதே உயரத்துக்கு, வலியின்றிச் செய்கிறதா? செய்யாதவரை மைதானத்தின் வெளியே நிற்பதே நல்லது.