விரலில் தெரியும் எண் யாருக்குச் சரி?

2021இல் கோவிட் உச்சத்தில் இருந்தபோது வாங்கிய, விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று பார்க்கும் ஆக்சிமீட்டர், மலேசியாவின் டெங்கிலில் பல வீடுகளில் இன்னும் இருக்கும். புத்ராஜெயா நகரம் எழுந்தபோது தோட்டங்களை விட்டு இங்குள்ள தாமான் பெர்மாத்தாவுக்கு வந்த குடும்பங்களில், பெரியவர்களுக்கு மூச்சிரைத்தால் பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள். 96 என்று காட்டினால் நிம்மதி. கறுத்த மேனி உள்ளவருக்கு அந்த 96 தவறாக இருக்கலாம் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

கருவி சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளை விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். நாடித் துடிப்போடு மாறும் ஒளியைப் பிரித்துக் கணக்கிடும் வழியை 1970களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவொயாகி. ஆனால் தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. அதனால் கணக்கு பிசகுகிறது. எண் பெரும்பாலும் கூடுதலாகவே வருகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் இதை அளந்து காட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில் தமனி இரத்தத்தைச் சோதித்தபோது, கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 விழுக்காட்டில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் இது 3.6 விழுக்காடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டியோ, சோதனைக்கு வரும் பத்துப் பேரில் இரண்டு பேர் கறுத்த மேனியராக இருந்தால் போதும் என்றது. உயிர் காக்கும் கருவிக்கு இது அநியாயமான அளவுகோல். கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் அந்தச் சோதனையைக்கூடக் கண்டதில்லை.

எனவே, கையைச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில், அசையாமல் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒற்றை எண்ணைவிட, வழக்கமான அளவிலிருந்து அது இறங்குகிறதா என்பதே முக்கியம். பேசவே மூச்சு முட்டினால், நாக்கோ உதட்டின் உட்புறமோ நீலம் பாரித்தால், எண் என்ன சொன்னாலும் 999ஐ அழையுங்கள். மருத்துவமனையில் எண்ணை மட்டும் பார்த்து உங்களை வீட்டுக்கு அனுப்பினால், மணிக்கட்டில் இரத்தம் எடுத்துச் செய்யும் ஏபிஜி சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி (சட்டம் 737), பதிவு செய்யாத மருத்துவக் கருவியை மலேசியாவில் விற்பது குற்றம். வாங்குமுன் மருத்துவக் கருவி ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் கருவியின் பெயரைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதுவரை ரசீதையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள்.