முதல் மருத்துவரின் மேசையில் மனநலச் சிகிச்சை: பெங்களூருவின் ஐம்பதாண்டு அனுபவம்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு காலைப்பொழுதில் எழுபத்தைந்து பேர் வருவதாகவும், ஒரே மருத்துவர் நான்கு மணி நேரம் அவர்களைப் பார்ப்பதாகவும் வைத்துக்கொண்டால், ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் மூன்று நிமிடத்திற்குச் சற்று அதிகம். காய்ச்சலும் இருமலும் ஆறாத புண்ணும் கொண்டு வருவோரின் நடுவே, தலைப்பாரம், உடலெங்கும் அசதி, இரவில் உறக்கமின்மை என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி அமர்கிறார். முன்னரும் இருமுறை வந்து போனவர். வலி மாத்திரையும் சத்து ஊசியும் பெற்றுச் சென்றவர். அவருடைய உண்மையான நோய் மனச்சோர்வாக இருக்கக்கூடும். அதனைக் கண்டறிய இரண்டு மூன்று கேள்விகள் போதும். அந்தக் கேள்விகள் கேட்கப்படுவதில்லை. மூன்று நிமிடம் முடிந்துவிடுகிறது.

இது எங்கோ ஓரிடத்தில் நிகழும் தவறு அன்று. 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தப்பட்டது. வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக அவ்வாய்வு கண்டறிந்தது. சிகிச்சை பெற வேண்டியவர்களுள் அதனைப் பெறாதவர்களின் விழுக்காடு நோய்க்கு நோய் மாறுபட்டு 70 முதல் 92 வரை இருந்தது. இதற்குரிய காரணங்களுள் முதன்மையானது எளிய கணக்கில் அடங்கும். நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு மனநல மருத்துவர் 0.75 பேர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது, ஏறத்தாழ ஒன்றே கால் லட்சம் பேருக்கு மேல் ஒருவர். அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் உள்ளனர். புதிய நிபுணர் ஒருவரை உருவாக்கப் பள்ளிப் படிப்பிற்குப் பின் எட்டு ஒன்பது ஆண்டுகளாவது ஆகும். எனவே நிபுணரை ஒவ்வொரு நோயாளியிடமும் கொண்டு செல்வது அண்மைக் காலத்தில் இயலாத காரியம். நோயாளி முதலில் சென்று சேரும் மருத்துவரிடம் நிபுணரின் தீர்ப்பறிவை எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதே ஆராயத்தக்க வினா. இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி பெங்களூருவில் அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது.

கையேட்டிலிருந்து திரைக்கு

1954-இல் தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநல நிலையமும், பெங்களூரு மனநல மருத்துவமனையும் 1974-இல் ஒன்றிணைக்கப்பட்டு, நிம்ஹான்ஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் உருவாயிற்று. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே, நகரின் புறத்தே உள்ள சகலவாரா சிற்றூரில் அதன் ஊரக மனநலப் பணி தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர்களும் அங்கு அழைக்கப்பட்டுக் குறுகிய காலப் பயிற்சி பெற்றனர். மனநோய், வலிப்பு, மனவளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றின் அடையாளங்கள், தொடக்கச் சிகிச்சை, எவரை மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பன போன்ற செய்திகள் எளிய கையேடுகளாகத் தொகுக்கப்பட்டன. முடிவெடுக்க உதவும் கருவி என்று இன்று சொல்லப்படுவதன் முந்தைய வடிவம் அக்கையேடுதான்.

ஏறக்குறைய இதே காலத்தில், 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் சுகாதாரம், வேளாண்மை, குடும்ப நலம் பற்றிய நிகழ்ச்சிகள் சென்றன. அது வியத்தகு தொழில்நுட்பச் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒருவழிப் பாதை. திரையின் முன் அமர்ந்தவருக்கு எழுந்த ஐயம் திரைக்குப் பின்னால் இருந்தவரை எட்ட வழியில்லை. சகலவாராவின் பயிற்சியில் கேள்வி கேட்க வழி இருந்தது. ஆனால் பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பின் அவ்வழி அடைபட்டது. பிந்தைய ஆண்டுகளின் முயற்சிகள் பலவும் இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்க முனைந்தவை.

1982-இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. அதனை மாவட்ட அளவில் நடத்திக் காட்டும் பொருட்டு 1985 முதல் 1990 வரை பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் மேற்கொண்ட பணியே 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு முன்மாதிரியாயிற்று. இன்று 767 மாவட்டங்களுக்கு இத்திட்டம் அனுமதிக்கப்பட்டுள்ளது. பரப்பு பெருகியதே தவிர, அடிப்படை இடர்ப்பாடு நீங்கவில்லை. வகுப்பறையில் அமர்ந்து விரிவுரை கேட்ட மருத்துவர், பயிற்சிக்குப் பிந்தைய தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுகிறார். தம் மேசைக்குத் திரும்பியதும் பழைய வழக்கமே தொடர்கிறது. வகுப்பறையில் காட்டப்படும் நோயாளி கடுமையான மனநோயுற்றுப் பெரிய மருத்துவமனையில் சேர்ந்தவர். அவருடைய மேசைக்கு வருபவரோ தலைப்பாரம் என்று சொல்லும் பெண்மணி. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கையேடு கடக்கவில்லை.

நோயாளி எதிரில் இருக்கும்போதே பயிற்சி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய எக்கோ என்னும் முறை இங்குக் குறிப்பிடத்தக்கது. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் தொலைவூர்களிலிருந்து நிபுணரைத் தேடி வருவதற்கு மாறாக, அவ்வூர் மருத்துவர்கள் காணொளி வழியே வாரந்தோறும் கூடித் தத்தம் நோயாளிகளைப் பற்றி நிபுணருடன் கலந்துரையாடினர். 407 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 2011-இல் வெளியானது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமடைந்தோர் 57.5 விழுக்காடு, எக்கோ வழி ஊரக மருத்துவர்களிடமும் சிறைகளிலும் சிகிச்சை பெற்றோரில் 58.2 விழுக்காடு. முறையான துணை இருப்பின் முதல்நிலை மருத்துவரின் சிகிச்சை தரத்தில் குறைந்ததன்று என்பதற்கு இது தக்க சான்று. நிம்ஹான்ஸ் 2010-களில் இம்முறையைக் கைக்கொண்டு, சத்தீஸ்கர், பீகார் போன்ற மாநிலங்களின் மருத்துவர்களைப் பெங்களூருவுடன் இணைத்தது. 2018-இல் நிம்ஹான்ஸ் டிஜிட்டல் அகாதமி தொடங்கப்பெற்றது. மருத்துவர்களுடன் உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோருக்கும் இணைய வழிப் பயிற்சி விரிந்தது.

இவற்றினும் நுட்பமான ஒரு மாற்றத்தை நிம்ஹான்ஸின் முதல்நிலை மனநல மருத்துவப் பயிற்சி கொண்டு வந்தது. மருத்துவர் தம் வழக்கமான புறநோயாளிப் பிரிவிலேயே அமர்ந்திருக்கிறார். அன்று வந்த நோயாளியே எதிரில் இருக்கிறார். பெங்களூருவிலுள்ள மனநல மருத்துவர் திரையில் உடனிருந்து, நோயாளியை மருத்துவர் வினவும் முறையைக் கவனித்து, வேண்டுமிடத்தில் வழிகாட்டுகிறார். சிகிச்சை பற்றிய முடிவை எடுப்பவர் உள்ளூர் மருத்துவரே. மிதிவண்டி கற்பவனின் பின்னால் கைபிடித்து ஓடி, பின் கையை விடுவது போன்றது இது.

இப்பயிற்சிக்குத் துணையாக ஒரு சிறு படிவம் அமைந்துள்ளது. பொது மருத்துவரிடம் வருவோரிடையே மிகுதியாகக் காணப்படும் சில நோய்கள் மட்டுமே அதில் இடம்பெற்றுள்ளன: புகையிலைப் பழக்கம், மதுப் பழக்கம், மனச்சோர்வு, பதற்ற நோய், திடீர்ப் பேரச்சம், உடல் நோயாக வெளிப்படும் மன உளைச்சல், கடும் மனநோய். முதலில் சல்லடை போன்ற சில கேள்விகள். பின்னர் நோயை வகைப்படுத்தும் குறிப்புகள், மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலைகள், மருந்தும் அளவும், தொடர் கண்காணிப்பு. நூற்றுக்கணக்கான நோய்களை அடுக்கும் பன்னாட்டு வகைப்பாட்டு நூல்களோடு ஒப்பிட்டால் இது மிகவும் சுருக்கமானது. அந்தச் சுருக்கமே அதன் பலம். மூன்று நிமிடத்தில் கையாள இயலாத கருவி, எத்துணைச் சிறப்பாக வடிவமைக்கப்பட்டிருப்பினும், மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

கருவி தானாக நோய் தீர்ப்பதில்லை

மின்னணுக் கருவியை வாங்கி விநியோகித்துவிட்டாலே சேவை மேம்படும் என்ற எண்ணம் அலுவலகங்களில் பரவலாக உள்ளது. கொள்முதல் ஆணை பிறப்பிப்பதும் எண்ணிக்கையை அறிக்கையில் காட்டுவதும் எளிதாக இருப்பதே அதற்குக் காரணம் போலும். சான்றுகள் வேறு விதமாக உள்ளன. கர்நாடகத்திலும் ஹரியானாவிலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் எம்-வெல்கேர் என்னும் மென்பொருள் சோதிக்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுடன் மனச்சோர்வு, மது, புகையிலைப் பழக்கங்களையும் செவிலியர் கைக்கணினியில் பதிந்தால், அது சிகிச்சைப் பரிந்துரையை மருத்துவருக்கு அளிக்கும். ஒப்பீட்டு நிலையங்களில் மென்பொருள் இல்லை. பயிற்சியும் சிகிச்சை நெறி விளக்க அட்டைகளும் மட்டுமே இருந்தன. ஓராண்டிற்குப் பின் இரத்த அழுத்தத்திலோ சர்க்கரை அளவிலோ இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என 2019-இல் வெளியான முடிவு கூறுகிறது. ஆந்திரத்தில் 18 ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சார்ந்த கிராமங்களில் ஆஷா பணியாளர்களைக் கொண்டு நடத்தப்பெற்ற இதய நோய்த் தடுப்புச் சோதனையின் முடிவும் இதற்கு நெருங்கியதே. இரத்த அழுத்தம் இலக்கை எட்டியோர் கருவி இருந்த காலத்தில் 41.2 விழுக்காடு, இல்லாத காலத்தில் 39.2 விழுக்காடு.

இதனால் கருவிகள் வீண் என்று முடிவு கட்டுவது பிழையாகும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்னும் அறுவை மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் கடும் வயிற்றுவலிக்கான காரணத்தைக் கணினி கொண்டு கண்டறிய முயன்றார். 304 நோயாளிகளில் கணினியின் கணிப்பு 91.8 விழுக்காடு சரியாக இருந்தது. மூத்த மருத்துவருடையது 79.6 விழுக்காடு. இச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. சோதனை நடந்த காலத்தில் மருத்துவர்களின் சொந்தக் கணிப்பும் மேம்பட்டது. சோதனை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒழுங்கான படிவத்தில் கேள்விகளை விடாமல் கேட்டதும், தம் கணிப்பு சரியா தவறா என்பதை அவ்வப்போது அறிந்ததும் அம்மேம்பாட்டின் காரணங்கள் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. பெங்களூருப் படிவமும் திரைவழி உடனிருப்பும் இதே இரண்டு பணிகளைத்தான் செய்கின்றன. மருத்துவரின் கவனத்தையும் பழக்கத்தையும் மாற்றும் கருவி பயன் தருகிறது. ஏற்கெனவே நெருக்கடியில் உள்ள பணியாளர்மீது பதிவுச் சுமையை ஏற்றும் கருவி பயன் தருவதில்லை.

ஒரு தொலைபேசி எண்

நோயாளி மருத்துவரிடமே வராத நிலையில் என் செய்வது? 2022-23 மத்திய வரவு-செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தேசியத் தொலை மனநலத் திட்டம், டெலி-மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. நிம்ஹான்ஸ் இதன் தலைமை நிலையம். பெங்களூரு பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் தொழில்நுட்ப உதவி அளிக்கிறது. 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைப்பவர் தம் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் உட்பட 20 மொழிகளில் சேவை உண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் பேசுவார். தேவைப்படின் மனநல மருத்துவருக்கோ மாவட்ட மனநலக் குழுவுக்கோ அழைப்பு மாற்றப்படும். 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் பெறப்பட்டன. மனச் சோர்வு, உறக்கக் கேடு, பதற்றம், மன அழுத்தம் ஆகியவையே அழைப்போர் மிகுதியாகக் குறிப்பிடுபவை. 2024 அக்டோபரில் காணொளி ஆலோசனையும் சேர்க்கப்பட்டது; கர்நாடகம், தமிழ்நாடு, ஜம்மு-காஷ்மீர் ஆகியவை அதனை முதலில் பெற்றன.

அழைப்புகளின் எண்ணிக்கை மகிழ்ச்சி தருவதாயினும், எத்தனை பேர் அழைத்தனர் என்பதோடு கணக்கு நின்றுவிடலாகாது. மருத்துவரிடம் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டவர்களுள் சென்றவர் எத்தனை பேர், சென்றவருக்கு அங்கு மருந்து இருந்ததா என்பனவும் அதே பட்டியலில் இடம்பெற வேண்டியவை.

செயற்கை நுண்ணறிவு நிரல்கள் நோயாளியுடன் நேரடியாக உரையாடும் ஆற்றல் பெற்றுவிட்ட இந்நாளில், 2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்ட தொலை மருத்துவ நெறிமுறைகளை அலுவலர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். இத்தகைய நிரல்கள் நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ அந்நெறிமுறைகள் அனுமதிக்கவில்லை. பதிவு பெற்ற மருத்துவருக்குத் துணை நிற்க மட்டுமே இடமளிக்கின்றன. முடிவுக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் இருந்தாக வேண்டும் என்பதே இதன் கருத்து. மனநோய் பற்றிய செய்தி வெளியானால் திருமணமும் வேலையும் தடைபடும் சமூகத்தில், தகவல் மறைகாப்பும் அதற்கு இணையான பொறுப்பாகும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கும் இப்பாதுகாப்பை அளிக்கிறது. கிராம சுகாதார நிலையத்தில் கணினி வைக்கப்படும் இடம்கூட இங்கு முக்கியமானது. காத்திருப்போர் வரிசைக்கு எதிரே திரை அமைந்திருந்தால் சட்டம் இருந்தும் பயனில்லை.

முதலில் குறிப்பிட்ட பெண்மணியிடம் அந்த இரண்டு மூன்று கேள்விகள் கேட்கப்பட்டு, மனச்சோர்வு என உறுதியாகி, மருந்தும் தரப்பட்டுவிட்டதாகக் கொண்டாலும் பணி பாதியே முடிந்துள்ளது. மனச்சோர்வு மருந்தின் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நலமடைந்த பின்னும் பல மாதங்கள் அதனைத் தொடர வேண்டும். ஒரு வாரத்தில் குணமில்லை என்று அவர் நிறுத்திவிடக்கூடும். அடுத்த மாதம் வரும்போது நிலையத்தில் மருந்து தீர்ந்திருக்கலாம். பயிற்சி பெற்ற மருத்துவர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டு, படிவத்தை இதுவரை பார்த்திராத புதியவர் அந்நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். பயிற்சிக்கு மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கும் மாநில அலுவலகமும், மாறுதல் ஆணை பிறப்பிக்கும் அலுவலகமும், மருந்துப் பட்டியலுக்கு ஒப்புதல் தரும் அலுவலகமும் ஒரே துறையின் கீழ் உள்ளவைதாம். இம்மூன்று கோப்புகளும் ஒரே மேசையில் கூடுவதற்குப் பெங்களூருவிலிருந்து எந்தத் தொழில்நுட்பமும் வர வேண்டியதில்லை.