குத்தகைப் பாக்கியும் குத்தகைதாரரின் உரிமையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் கிணற்றை நம்பிப் பயிரிடும் குத்தகைதாரர் மழை பொய்த்த ஆண்டில் படும் பாட்டை அங்கத்தினர்கள் அறிவர். நிலக்கடலை காயாமற் போயினும் குத்தகைத் தவணை காத்திராது. “பாக்கி வைத்தாய், நிலத்தை விடு” என்று உரிமையாளர் கூறியவுடன் விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை.

1955-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் சட்டமாகிய சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே இயற்றப்பட்டது. தவணை கடந்து ஒரு மாதத்துக்குள் குத்தகை செலுத்தாமை, நிலத்தைக் கெடுத்தல், விவசாயமல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தல், உரிமையாளரின் பாத்தியதையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகியவையே வெளியேற்றத்துக்குரிய காரணங்கள். அவை இருப்பினும் உரிமையாளர் தாமே வேலியடைத்தல் கூடாது; வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். அவ்வதிகாரி இரு தரப்பாரின் நிலைமையையும் விசாரித்து, பாக்கியையும் செலவுத் தொகையையும் கட்டத் தவணை அளிக்கலாம். அத்தவணைக்குள் கட்டினால் குத்தகை நிலைக்கும். தவறினால் வெளியேற்ற உத்தரவு பிறக்கும்.

வழக்கு முற்றுவது பெரும்பாலும் ரசீதின்மையால். பத்து மூட்டை அளந்து கொடுத்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இராது. உரிமையாளர் வாங்க மறுத்தாலோ, ரசீது தர மறுத்தாலோ, உரிய காலத்தில் தொகையை டெபாசிட் செய்யச் சட்டம் இடந்தருகிறது. தானியக் குத்தகையாயின், டெபாசிட் செய்யும் நாளின் சந்தை விலையைக் கணக்கிட்டுப் பணமாகச் செலுத்தலாம். இதை அறியாமல் “அவர் வாங்கவில்லையே” என்று வாளாவிருப்பவரே பாக்கிதாரராகி நிற்கிறார்.

குத்தகையின் அளவும் ஒருவர் இஷ்டம் அன்று. 1956-ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம், நன்செய்க்கு மொத்த விளைவில் 40 சதவீதமும், நீர் இறைத்துத் துணைப் பாசனம் செய்யும் நன்செய்க்கு 35 சதவீதமும், ஏனைய நிலத்துக்கு மூன்றில் ஒரு பங்கும் விதித்தது. பின்னர் வந்த திருத்தத்தால் உரிமையாளர் பங்கு 25 சதவீதமாயிற்று. ஓர் ஏக்கரை மட்டும் நம்பியிருக்கும் முதிய விதவையும் ‘நிலச்சுவான்தார்’ என்ற பெயரில் அடங்குவார் என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். அவருக்குப் பாக்கி வைப்பது அவர் அடுப்பை அணைப்பதாகும்.

நெசவாளர் அங்கத்தினர் தனியே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தாமோ தம் குடும்பத்தாரோ உடலுழைப்புச் செலுத்திப் பயிரிடுபவரே சட்டப்படி சாகுபடிக் குத்தகைதாரர். தறியில் அமர்ந்துகொண்டு, வயலை முழுதும் கூலியாட்களிடம் விட்டவர் இப்பாதுகாப்பைக் கோர இயலாது. உழைப்பவரின் பெயர் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படியான குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஏறியுள்ளதா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் பார்த்துக்கொள்க.