விளம்பர வாசகமும் மறைந்துபோன உழைப்பும்

இணங்கவைக்கும் எழுத்தைப் பயில்வோர்க்கு அமெரிக்க விளம்பர எழுத்தாளர் குளோட் ஹொப்கின்ஸ் இன்றும் பாடமாக வைக்கப்படுகிறார். 1927இல் வெளியான தன்வரலாற்றில் அவர் விவரிக்கும் ஸ்லிற்ஸ் பியர் நிகழ்ச்சி நமது கவனத்துக்குரியது. மில்வோக்கி ஆலையிலே போத்தல்கள் பொறிகளால் நான்கு முறை கழுவப்படுதலைக் கண்ட அவர், இதனை ஏன் மக்களுக்குக் கூறவில்லை என வினவினார். எல்லா ஆலைகளும் இவ்வாறே செய்கின்றன என்பது விடை. எனினும் முதலிற் கூறியவர்க்கே அப்புகழ் உரியதாயிற்று. ஐந்தாமிடத்திலிருந்த பியர் சில மாதங்களில் முதலிடத்துக்குச் சமமாக உயர்ந்ததாம்.

இதிற் பொய் ஏதுமில்லை என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டுவது. தொழிற்றுறை முழுவதற்கும் பொதுவான உற்பத்திமுறை ஒரு வணிகப் பெயரின் தனியுடைமையாகிவிடுகின்றது. பண்டம் தன் பின்னாலுள்ள உழைப்பை மறைப்பதை மார்க்ஸ் 1867இல் விளக்கினார். இங்கோ ஆலைக் கதவே திறந்துவிடப்படுகின்றது. ஆயினும் உள்ளே நாம் காண்பன பொறிகளும் குழாய்களும் கண்ணாடி அறைகளுமே. அவற்றினருகே நின்றோர் எத்தனை மணிநேரம் நின்றனர், என்ன கூலி பெற்றனர் என்பவற்றுக்கு அவ்விவரிப்பில் இடமில்லை.