பிடியிற் சாணை பதித்த மடக்குக் கத்தி

ஒட்டுக் கட்டுகையில் கத்தி மழுங்கியிருப்பின், பட்டைக்கடியிலுள்ள மெல்லிய வளர்படை நசுங்கிப்போம். ஒட்டு கூடாது காய்ந்துவிடும். சாணைக்கல்லோ வீட்டிற் கிடக்கும். பிடியிலேயே சாணை பதித்த மடக்குக் கத்தி தோட்டக்காரருக்கு மிக்க அனுகூலமானது. ஆனால் வாங்குமுன் ஒன்று கவனிக்கத்தக்கது. இடுக்கில் இழுத்துத் தீட்டும் வகை அலகின் இருபுறத்தையும் ஒருங்கே சுரண்டும். ஒட்டுக்கத்தி பெரும்பாலும் ஒருபுறமே சரிவுள்ளதாகையால் அதனாற் கெடும். தட்டையான கார்போரண்டத் துண்டு பதித்ததே தக்கது. அமெரிக்கரான அச்செசன் 1891-ல் கண்டுபிடித்த இப்பொருள், மணலையும் கரியையும் மின்னுலையிற் காய்ச்சிச் செய்யப்படுவது. சரிவுப் பக்கத்தைக் கல்லிற் படியவைத்துச் சிலமுறை தேய்த்து, மறுபுறம் எழும் பிசிரை இலேசாக நீவினாற் போதும். செம்பரம்பாக்கத்து வயல்களில் நெல்லறுக்கும் கருக்கரிவாளுக்கு இச்சாணை உதவாது. அதன் பல்லைக் கொல்லரே வெட்டித்தர வேண்டும்.