மடக்குக் கதிரையோடு ஓர் இசைவிழா

"நீ ஜாஸ் கச்சேரிக்கெல்லாம் போறனியோ?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சின்னம்மா நெடுநேரம் சிரித்தார். அவருடைய சிரிப்பில் பிழையில்லை. கோயில் வீதி மணலில் பாய் விரித்து விடிய விடிய மேளச்சமா கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஜாஸ் என்ற சொல்லே எங்கள் வீடுகளில் புழங்கியதில்லை.

நான் கனடாவில், மொன்றியல் நகரில் வாழ்கிறேன். ஜூன் கடைசியில் அங்கே ஜாஸ் விழா தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை நடக்கும். எங்கள் அயலிலுள்ள தமிழ்ப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து பல வருடங்களாக அதற்குப் போய்வருகிறோம். வரப்போகும் விழாவுக்கும் இப்போதே திட்டம் போடத் தொடங்கிவிட்டோம். ஐந்து பேருமே போரில் யாரையோ பறிகொடுத்தவர்கள். "உறவைப் பறிகொடுத்தவளுக்குக் கச்சேரி ஒரு கேடா?" என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அதே கேள்வியை என்னிடம் கேட்டவள்தான். அதனால்தான் இந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் வந்தது கோபம்

உண்மையைச் சொன்னால் அந்த விழாவின் மேல் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். 2009 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் திகதி. அப்போது எனக்கு நகர மையத்துக் கட்டடம் ஒன்றில் இரவுநேரத் துப்புரவு வேலை. அன்று மெற்றோவில் ஏற இடமில்லை. புதிதாகத் திறந்த விழாச் சதுக்கத்தில் ஸ்டீவி வொண்டர் இலவசமாகப் பாடுகிறார் என்று சனம் அலைமோதிக்கொண்டு போனது. தோளில் குழந்தைகள், கையில் ஐஸ்கிரீம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. தம்பியின் குடும்பம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நாட்கள் அவை. மெனிக் பாம் முகாமில் பெயர் இருக்கிறதா என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சனத்தின் நடுவே நின்றபோது, "உலகத்துக்கு நாங்கள் ஒன்றுமேயில்லை" என்ற எண்ணம் நெஞ்சை அடைத்தது. அன்றிரவு துடைப்பத்தைப் பிடித்தபடி அழுதேன்.

பிறகு தம்பியின் மனைவியும் பிள்ளையும் முகாமில் இருப்பது தெரியவந்தது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

அந்த மேடையில் ஸ்டீவி வொண்டர், ஐந்து நாட்களுக்கு முன் காலமான மைக்கல் ஜக்சனை நினைவுகூர்ந்தார் என்பதை வெகுகாலத்துக்குப் பின்புதான் அறிந்தேன். அவரும் ஓர் இழவைச் சுமந்துகொண்டுதான் பாடியிருக்கிறார். சிரித்த முகங்களை மட்டும் பார்த்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

"கையைப் பாரும்"

மூன்று வருடங்களின் பின் என்னை அந்தச் சதுக்கத்துக்கு அழைத்துப் போனவர், வன்னியில் கணவனை இழந்து கனடா வந்த ஓர் அக்கா. "வீட்டுக்குள்ள இருந்து சுவரைப் பாத்து என்னத்தைக் கண்டனீர்? காசுமில்லை, ரிக்கற்றுமில்லை. ஒருக்கா வந்து இருந்து பாரும். பிடிக்காட்டில் எழும்பி வருவம்" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த விழாவில் பெரும்பாலான கச்சேரிகள் திறந்த வெளியில் இலவசமாகவே நடக்கின்றன.

மேடைக்கு அருகில் நல்ல இடம் கிடைத்தது என்று சந்தோஷமாக உட்கார்ந்தோம். டிரம்ஸ் வாசிப்பவர் காலால் மிதித்து அடிக்கும் பெரிய மேளம் திடீரென அதிர்ந்தது. அவ்வளவுதான். என் உடம்பு என்னைக் கேட்காமலே குனிந்துவிட்டது. கைகள் இரண்டும் தலைக்கு மேல். சுற்றியிருந்தவர்கள் ஏதோ தவறிவிட்டது என்று நிலத்தில் தேடத் தொடங்கினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக, மேளம் வாசிப்பவர் நன்றாகத் தெரியும் இடத்துக்கு என்னைக் கூட்டிச் சென்றார். "கையைப் பாரும். அடிக்கிறவன்ரை கையையும் காலையும் பாத்துக்கொண்டிரும். சத்தம் எப்ப வருமெண்டு உமக்கே தெரியும்" என்றார்.

பார்த்தேன். தடி மேலே போவது தெரிந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. கால் எழுந்தது; பிறகுதான் அதிர்ந்தது. பத்து நிமிடங்களில் என் நெஞ்சு படபடப்பு அடங்கியது. அரை மணியில் அடுத்த அடி எங்கே விழும் என்று நானே எதிர்பார்க்கத் தொடங்கினேன். ஷெல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கண்டதில்லை. இந்தச் சத்தமோ ஒரு மனிதனின் கையிலிருந்து, என் கண் முன்னால் பிறந்துகொண்டிருந்தது. வானொலியிலோ ஒலித்தட்டிலோ கேட்டிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. நேரே இருந்து கேட்பதன் பயன் என்னவென்று அன்றுதான் விளங்கியது.

நமக்குத் தெரிந்த இசைதான்

கேட்கக் கேட்க இன்னொன்றும் புரிந்தது. இது எங்களுக்கு முற்றிலும் அந்நியமான இசையல்ல. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து அந்த மெட்டைத் தம் மனம்போலக் கற்பனையால் விரித்து வாசிக்கிறார்கள். ட்ரம்பெற், சக்ஸபோன், பியானோ, ஆளுயரமான பேஸ் வாத்தியம் என்று முறை வருகிறது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் அடங்கி நின்று தாங்குகிறார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து தொடங்கிய மெட்டுக்கே திரும்பி வருகிறார்கள்.

யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்க இளவயதில் மைல் கணக்கில் நடந்துபோன கதையை அப்பா சொல்லுவார். நாதஸ்வரக்காரர் ராகத்தை ஆலாபனை செய்ய, தவில்காரர் காத்திருந்து தன் முறை வந்ததும் பொழிந்து தள்ள, சபை தலையாட்டும். இங்கே ஒவ்வொருவரும் வாசித்து முடித்ததும் சபை கைதட்டுகிறது. வேறுபாடு பெரிதல்ல. ராகமும் தாளமும் வேறு. ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசிக்கும் முறை ஒன்றேதான்.

துயரத்தில் பிறந்த இசை

ஜாஸ் இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றது. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அடிமைக் காலத்தில் அந்நகரின் கொங்கோ சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மக்கள் கூடி மேளம் அடித்து ஆடினார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு.

அந்த நகரில் செத்தவீட்டுக்கும் இதே வாத்தியங்கள் வரும். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான, துயரமான இசை. உடலிடம் விடைபெற்ற பின் திரும்பி வரும்போது துள்ளலான இசை. ஊர்ச்சனம் குடை பிடித்து ஆடிக்கொண்டு பின்னால் வரும். பெண்களும் அந்த ஊர்வலத்தில் போவார்கள். இதை அறிந்தபோது எங்கள் ஊர்ச் செத்தவீட்டுப் பறை நினைவுக்கு வந்தது. பறை ஒலிக்க ஆண்கள் சுடலைக்குப் போக, பெண்கள் படலையோடு நின்றுவிடுவோம். போரில் பலருக்கு அந்தப் பறையும் இல்லை, படலையும் இல்லை, உடலும் இல்லை.

மொன்றியல் நகருக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. அங்கே "லிற்றில் பேர்கண்டி" என்ற பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். ஆண்கள் பெரும்பாலும் ரயிலில் பயணிகளின் பெட்டி தூக்கும் வேலை, பெண்கள் பலர் வசதியானோர் வீடுகளில் வேலை. உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சன் 1925 இல் அங்கேதான் பிறந்தார். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பம். தந்தை ரயில்வே தொழிலாளி. சிறுவயதில் ட்ரம்பெற் வாசித்த ஒஸ்காரைக் காசநோய் பிடித்தது. அதனால் அதைக் கைவிட்டுப் பியானோவுக்கு மாறினார். அவருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அக்கா டெய்சி. பின்னர் புகழ்பெற்ற ஒலிவர் ஜோன்ஸும் டெய்சியிடம் கற்றவரே. தம்பியின் பெயர் உலகமெல்லாம் போனது. அக்கா அந்த நகரிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்து, 2017 இல் 97 வயதில் மறைந்தார்.

அதே மக்களிடையே 1902 இல், ரயில்வே தொழிலாளர்களின் மனைவிமார் ஏழு பேர் சேர்ந்து பெண்கள் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். வறிய குடும்பங்களுக்குக் குளிருடுப்பும் உணவும் கொடுத்தார்கள். நோயாளிகளுக்காக வைத்தியசாலையில் ஒரு கட்டிலையும், ஆதரவற்றோரை அடக்கம் செய்ய மயானத்தில் ஒரு துண்டு நிலத்தையும் தேடி வைத்தார்கள். பெரிய பெரிய மேடைகளின் பின்னால் இப்படி எத்தனை பெண்களின் கை இருந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இவ்விழா 1980 இல் தொடங்கியது. முதல் வருடமே ரே சார்ள்ஸ் வந்து பாடினார். 2004 இல் உலகின் மிகப்பெரிய ஜாஸ் விழா என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. 2020 இல் கொரோனாத் தொற்றினால் நடக்கவில்லை. அந்த வருடம் நாங்கள் ஐந்து பேரும் வீட்டுக்கு வீடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஒஸ்காரின் ஒலித்தட்டைப் போட்டுக் கேட்டோம். நேரே கேட்பது போல் வரவில்லை என்றாலும் ஒருவருக்கொருவர் துணை இருந்தது.

எங்கள் திட்டம்

வருகிற விழாவுக்கு எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். இளவேனிலில் நிகழ்ச்சி நிரல் வந்ததும் ஒருவர் வீட்டில் கூடி, தேநீரோடு அதைப் படிப்போம். பத்து நாளும் போவதில்லை. மூன்று பின்னேரங்கள் மட்டும். பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் வாசிக்கும் சிறிய கச்சேரி ஒன்று. பெண் பாடகி ஒருவரின் கச்சேரி ஒன்று. மூன்றாவதை அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர் தெரிவு செய்வார். உள்ளரங்கக் கச்சேரி ஒன்றுக்காக மாதம் ஐந்து டொலர் போட்டு ஓர் உண்டியலும் வைத்திருக்கிறோம்.

ஆளுக்கொரு மடக்குக் கதிரை, பிளாஸ்க்கில் தேநீர், மழைச்சட்டை, ஒரு பெட்டியில் கட்லற். வெளியேறும் வழிக்குப் பக்கத்தில், ஓரமாகத்தான் இருப்போம். வாசிப்பவரின் கை தெரியவேண்டும். ஜூன் கடைசியில் அங்கே இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனாலும் தனியே யாரும் திரும்புவதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமான ஒழுங்கு ஒன்றுண்டு. யாராவது ஒருவர் "போவம்" என்றால் ஐவரும் எழும்பவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. முதல் இரண்டு வருடங்களும் பாதியில் எழும்பியது பெரும்பாலும் நான்தான். ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

இம்முறை தம்பியின் மனைவியையும் கோடைக்கு அழைத்திருக்கிறேன். விசா கிடைக்கவேண்டும். கச்சேரியைப் பற்றிச் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மச்சாள், பாட்டுக் கேக்கப் போனால் நான் அவரைத் தேடுறதை விட்டிட்டன் எண்டு சனம் நினைக்குமே" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் எத்தனை பேரின் வாயை இந்த ஒரு பயம் கட்டிப்போட்டிருக்கிறது! சிரித்தால் மறந்துவிட்டாள், நல்ல சேலை உடுத்தால் கைவிட்டுவிட்டாள். கடைசியில் சொன்னேன்: "தேடுறதை நீ விடவேண்டாம். நானும் விடேல்லை. படத்தைக் கைப்பையிலை வைச்சுக்கொண்டு வா. ஒரு பின்னேரம் இருந்து கேட்டிட்டு, அடுத்த நாளும் தேடுவம்." அவள் அழுதாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்கள் ஊரில் ஜாஸ் விழா இருக்காது. கோயில் திருவிழா மேளம் இருக்கும், பள்ளிக்கூடத்துக் கலைவிழா இருக்கும், கூத்து இருக்கும். தனியே போகத் தயங்கினால் இருவராக, மூவராகப் போங்கள். சத்தத்துக்கு நெஞ்சு பதறினால் ஓரத்தில் இருந்து அடிப்பவரின் கையைப் பாருங்கள். முடியவில்லையென்றால் எழும்பி வாருங்கள்; அடுத்த முறை இன்னும் பத்து நிமிடம் கூட இருப்பீர்கள். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவளையும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். என்னை அந்த அக்கா கூப்பிட்டது போல.

நாங்கள் இப்போதே ஆறாவது கதிரையை வாங்கி வைத்துவிட்டோம்.